கடற்கரையை அளப்பது எப்படி: புவியியல் மாணவர்களின் களப்பணிக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரைக் களப்பணியில் மாணவர்கள் அளக்கப்போகும் பொருள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்றைய அலை விட்டுச்சென்ற சரிவை இன்றைய அலை கலைத்துவிடுகிறது. ஒரு புயல் இரவில் கடல் இழுத்துச்சென்ற மணல், அமைதியான மாதங்களில் சிறிது சிறிதாகக் கரைக்குத் திரும்புகிறது. ஓயாமல் மாறும் இந்த இடத்திற்கு நாடாவையும் கம்புகளையும் எடுத்துச்சென்று, அரைநாளில் சில எண்களை எழுதிக்கொண்டு திரும்புகிறோம். அந்த எண்களுக்கிடையே ஒரு வேறுபாடு தென்பட்டால், அது கடற்கரையின் வேறுபாடா, அளந்தவர்களின் கைவேறுபாடா என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும். கீழே சொல்லப்படும் முறைகள் யாவும், அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும்படி களப்பணியை அமைத்துக்கொள்வதற்கானவை.

கேள்வியை ஒரு வரிக்குள் கொண்டுவருதல்

"கடல் அரிப்பும் கரையோர மேலாண்மையும்" என்பது தலைப்பாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கடற்கரையில் எங்கே நிற்பது, எதை அளப்பது என்று யாராலும் முடிவுசெய்ய முடியாது. "இந்தத் தூண்டில் வளைவின் இரு பக்கங்களிலும் மணல் ஒரே உயரத்தில் உள்ளதா, இல்லையெனில் எந்தப் பக்கம் எவ்வளவு உயர்ந்துள்ளது" என்று கேட்டால், அளக்க வேண்டிய இடமும் பொருளும் கருவியும் அந்த வரியிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. தூண்டில் வளைவு என்பது மணல் நகர்வைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் தடுப்பு.

இக்கேள்வியின் பின்னாலுள்ள இயக்கத்தை மாணவர்கள் களத்திற்குச் செல்லும் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும். காற்றின் திசைக்கேற்ப அலை கரையைச் சாய்வாக வந்து தொடும்போது, ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. இறங்கும் நீரோ புவியீர்ப்பால் நேராகக் கீழே இழுக்கிறது. இவ்வாறு ஏறி இறங்கியே மணல் கரை நெடுக நகர்கிறது. அதன் பாதையில் கல்லாலோ மரத்தாலோ குறுக்கே ஒரு தடுப்பு எழுந்தால், மணல் வந்துசேரும் பக்கத்தில் தேங்குகிறது. மறுபக்கம் தனக்கு வர வேண்டிய மணலை இழந்து அரிக்கப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பின்னர், வடக்கு நோக்கி நகர்ந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், களிமண் குன்றுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வீதம் பின்வாங்கும் ஹோல்டர்னெஸ் பகுதியில், மேப்பிள்டன் என்ற சிற்றூரைக் காக்க 1991இல் இரண்டு பாறைத் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. ஊரும் அதன் சாலையும் பிழைத்தன. தெற்கே கிரேட் கௌடன் பக்கத்தில் அரிப்பு விரைவுபட்டது. ஓரிடத்தைக் காப்பதன் விலையைப் பக்கத்து இடம் செலுத்துகிறது என்பதுதான் கரையோர மேலாண்மையின் நடுச்சிக்கல். மாணவரின் கேள்வி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தச் சிக்கலின் ஒரு நுனியையாவது தொட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி கிடைத்ததும் எதிர்பார்ப்பைத் திசையோடு எழுதிக்கொள்ளுங்கள். "வேறுபாடு இருக்கும்" என்று எழுதாமல், "வடபக்கத்தைவிடத் தென்பக்கம் உயர்ந்திருக்கும்" என்று எழுதினால்தான் அது தவறென்று தெரியவரும் வாய்ப்பும் உண்டாகிறது.

இடமும் நேரமும்

கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மிகுதியாக இருக்கும். அந்நாட்களின் தாழ் ஓதத்தில் கரை அதிக அகலத்துக்கு வெளிப்படும் என்றாலும், நீர் திரும்பும் வேகமும் அதிகம். ஓத அட்டவணையைப் பார்த்து, தாழ் ஓதத்திற்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் முன்பு வேலையைத் தொடங்கி, பின்வாங்கும் நீரைத் தொடர்ந்து சென்று, நீர் திரும்பத் தொடங்கும் முன் முடித்துவிடுவது நல்லது. பாதுகாப்பு, அளவீட்டின் நம்பகம் இரண்டுக்கும் இந்த ஒழுங்கு உதவுகிறது.

நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கரையின் குறுக்கே செல்லும் அளவீட்டுக் கோடுகளை, அதாவது குறுக்குக்கோடுகளை, எத்தனை அளப்பது என்பதில் ஆசை மிகுந்துவிடுவது வழக்கம். அரைநாளில் ஒரு குழு கவனத்தோடு நான்கு முதல் ஆறு கோடுகளை அளக்கலாம். பன்னிரண்டை அவசரமாக அளந்து வருவதைவிட அதுவே மேல். ஆனால் தடுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கோடு என்பது போதாது. அந்த ஒரு கோடு தற்செயலாக ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தால் முடிவு முழுவதும் அந்தப் பள்ளத்தைப் பற்றியதாகிவிடும். பக்கத்திற்கு மூன்று கோடுகள், தடுப்பிலிருந்து இரு பக்கமும் ஒரே தொலைவுகளில், எடுத்துக்காட்டாக 10, 30, 50 மீட்டரில், அமைவது பொருத்தம். "இங்கே நன்றாகத் தெரிகிறது" என்று கண்ணுக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது, விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போடுவதற்கு ஒப்பாகும்.

பாதுகாப்பு

பயிற்சி பெற்ற பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும். மூவருக்குக் குறையாத குழுவாக இயங்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நின்று குறிப்பு எழுதக் கூடாது. உயிர்காப்பாளர் பணியிலிருந்தால், கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச்செல்லும் இழுப்பு நீரோட்டம் அன்று எங்கே உள்ளது என்று அவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலடி மணல்திட்டுகளுக்கு நடுவே, அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் ஒடுங்கிய பாதை பல நேரங்களில் அந்த நீரோட்டத்தின் வழியாகவே இருக்கும். அமைதியைப் பாதுகாப்பு என்று நினைத்து அங்கே இறங்கிவிடக் கூடாது. செங்குத்தான குன்றின் அடிவாரத்தில் உட்கார்ந்து எழுதுவதும், பாசி படிந்த தடுப்புக் கற்களின்மேல் ஏறுவதும் வேண்டாம். ஆமைகள் முட்டையிடும் காலமா, மணல்மேட்டுக் கொடிகளை மிதிக்காமல் செல்ல வழியுண்டா, அனுமதி யாரிடம் பெற வேண்டும் என்பவற்றை முந்திய வாரமே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிவை அளத்தல்

களப்பணியின் இதயம் இதுவாகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரே உயரத்தில் பட்டைக்கோடு வரைந்த இரண்டு கம்புகள், ஓர் அளவு நாடா, ஒரு சாய்வுமானி, குறிப்பேடு ஆகியவை போதும். ஒருவர் மேல்கம்பையும் ஒருவர் கீழ்க்கம்பையும் பிடிக்க, மூன்றாமவர் கீழ்க்கம்பின் கோட்டு உயரத்தில் சாய்வுமானியை வைத்து, மேல்கம்பின் கோட்டை நோக்கிக் கோணத்தைப் படிக்க, நான்காமவர் எழுத வேண்டும். கோணத்தை வாய்விட்டுச் சொல்வதும், எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்வதும் சிறு பழக்கங்கள். ஆனால் காற்றிரைச்சலில் "ஆறு" என்பது "நூறு" என்று கேட்கும் இடத்தில் அவையே தரவைக் காப்பாற்றுகின்றன.

தொடக்கப்புள்ளி நிலத்தின் பக்கம் இருக்கட்டும். ஒரு விளக்குக் கம்பம், சுவரின் மூலை, நிலையான பாறை என்று மறுபடியும் கண்டுபிடிக்கத்தக்க ஒன்றிலிருந்து தொடங்கிக் கடலை நோக்கி இறங்குங்கள். நீரின் விளிம்பிலிருந்து தொடங்கினால், அளவீடு முடிவதற்குள் அந்த விளிம்பே வேறிடத்தில் இருக்கும். கோட்டின் திசையைத் திசைகாட்டியால் பாகையில் குறித்துக்கொள்ள வேண்டும். கரைக்குச் செங்குத்தாகச் செல்லாமல் கோடு சாய்ந்துவிட்டால், கரை உண்மையில் இருப்பதைவிட மென்சரிவாகத் தோன்றும்.

இரு கம்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம் என்பதில் இரு வழிகள் உள்ளன. சம இடைவெளியில், எடுத்துக்காட்டாக 5 மீட்டருக்கு ஒருமுறை, அளக்கலாம். அல்லது சரிவு மாறும் இடந்தோறும் கம்பை ஊன்றலாம். சம இடைவெளி எளிது, ஆனால் கரைமேட்டின் முகட்டையும் அதன் கீழுள்ள திடீர் இறக்கத்தையும் அது விழுங்கிவிடக்கூடும். சரிவு மாறும் இடங்களில் அளப்பதே கரையின் உண்மை வடிவத்தைத் தருகிறது என்பது என் கருத்து. எங்கே மாறுகிறது என்பதை மட்டும் ஒரே ஆளின் கண் முடிவுசெய்ய வேண்டும்.

இனி பிழைகள். 30 மீட்டர் நீளக் கோட்டில் எல்லாத் துண்டுகளிலும் கோணம் ஒரு பாகை தவறினால், கோட்டின் முடிவில் உயரம் ஏறத்தாழ அரை மீட்டர் தவறிப்போகும். தூண்டில் வளைவின் இரு பக்கத்துக்கும் இடையே நாம் தேடும் வேறுபாடே அந்த அளவினதாக இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பு ஈரமணலில் 5 செ.மீ. புதைந்தாலே, 5 மீட்டர் துண்டில் அரைப் பாகைக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். கம்பின் அடியில் ஒரு சிறு பலகையை வைத்துக்கொள்வது இதைத் தடுக்கும். சாய்வுமானியில் பிழை உள்ளதா என்று அறிய, ஒரே துண்டைக் கீழிருந்து ஒருமுறையும் மேலிருந்து ஒருமுறையும் படியுங்கள். இரண்டும் ஒத்தால் சரி, வேறுபட்டால் சராசரியே உண்மைக்கு நெருக்கமானது. நான் உடன்சென்ற ஒரு குழுவினர், தடுப்பின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் மென்சரிவாகவும் இருப்பதாக மகிழ்ச்சியோடு காட்டினார்கள். இரு பக்கத்தையும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் அளந்திருந்தார்கள். ஆளை மாற்றி மீண்டும் அளந்தபோது வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துபோனது. கருவியைப் படிப்பவர் அன்று முழுவதும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதன்பின்தான்.

கோணத்திலிருந்து உயரத்தைப் பெற, துண்டின் நீளத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சரிவின் வழியே 5 மீட்டர் நீளமும் 6 பாகைக் கோணமும் கொண்ட துண்டில் இறக்கம் 0.52 மீட்டர். எல்லாத் துண்டுகளின் இறக்கத்தையும் கூட்டிக்கொண்டே சென்றால் கரையின் வெட்டுமுகம், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் அதன் சரிவு வடிவம், கிடைத்துவிடும். கரை கடலை நோக்கி இறங்காமல் ஓரிடத்தில் ஏறினால், அந்தக் கோணத்திற்கு எதிர்க்குறி இட மறக்காதீர்கள்.

தடுப்பின் இரு பக்கமும்

மரத்தாலோ கான்கிரீட்டாலோ ஆன, மேல்விளிம்பு தட்டையான தடுப்பாக இருந்தால், விளிம்பிலிருந்து மணல் வரையுள்ள ஆழத்தை 2 மீட்டருக்கு ஒருமுறை இரு பக்கமும் அளக்கலாம். எண் சிறியதாக இருக்கும் பக்கமே மணல் உயர்ந்த பக்கம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வரையப்பட்ட வரைபடங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஆகவே பட்டியலின் தலைப்பிலேயே "எண் குறைந்தால் மணல் உயரம் அதிகம்" என்று எழுதிவிடுங்கள். பெரும் கற்களைக் கொட்டிக் கட்டிய தடுப்பில் இது இயலாது. அங்கே முன்சொன்ன வெட்டுமுகங்களையே நம்ப வேண்டும். தடுப்பின் முனையிலும் அடியிலும் அலை சுழன்று தோண்டிய குழிகள் இருக்கும். அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு சராசரியில் சேர்க்காமல் விடுவதா, சேர்ப்பதா என்பதை அளக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

அலையும் நீரோட்டமும்

ஒரு நிமிடத்தில் எத்தனை அலைகள் உடைகின்றன என்பதை ஒரு நிலையான புள்ளியைப் பார்த்து எண்ண வேண்டும். நிமிடத்திற்கு 6 முதல் 8 வரை என்றால் மணலைக் கரையில் சேர்க்கும் ஆக்க அலைகள், 10 முதல் 14 வரை என்றால் மணலை இழுத்துச்செல்லும் அழிவு அலைகள் என்பது பாடநூல் வகைப்பாடு. அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால் ஒரே நிமிடம் எண்ணிவிட்டு நிறுத்தாமல், பத்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுங்கள்.

கரையோர நீரோட்டத்தின் திசையை அறிய, 10 மீட்டர் இடைவெளியில் கரையில் இரு கம்புகளை நட்டு, அவற்றுக்கு நேரே ஓர் ஆரஞ்சுப் பழத்தை உடையும் அலைக்குள் எறிந்து, அது கடக்கும் நேரத்தைக் குறிக்கலாம். பழம் பெரும்பாலும் நீருக்குள் அமிழ்ந்தே மிதப்பதால் காற்று அதை எளிதில் தள்ளுவதில்லை. பிளாஸ்டிக் பந்து காற்றோடு ஓடுவதோடு கடலிலும் குப்பையாகிவிடும். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். இது காட்டுவது அந்த நேரத்து நீரோட்டத்தை மட்டுமே. ஆண்டு முழுவதற்குமான நிகர நகர்வின் திசையை, தடுப்பின் எந்தப் பக்கம் மணல் தேங்கியுள்ளது என்பதே நன்றாகச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால், அந்த முரணை மறைக்காமல் எழுதுங்கள், பருவத்திற்கேற்பக் காற்று மாறும் கரைகளில் அது எதிர்பார்க்கத்தக்கதே.

மணலும் கூழாங்கல்லும்

அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் 1922இல் வெளியிட்ட அளவுகோலின்படி 0.0625 முதல் 2 மி.மீ. வரை மணல், 4 முதல் 64 மி.மீ. வரை கூழாங்கல். கூழாங்கல் கரையில், ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதன் குறுக்குக் கயிறுகள் சந்திக்கும் புள்ளிகளின் அடியிலுள்ள கற்களை மட்டும் எடுத்து அளக்க வேண்டும். கையை விட்டுத் துழாவி எடுத்தால் பெரிய, வழுவழுப்பான, நிறமுள்ள கல்லையே விரல்கள் தேடிச்செல்லும். அளவியால் நீண்ட அச்சை அளந்து, கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உருண்டைத்தன்மையை, கூர்முனையுள்ளது முதல் நன்கு உருண்டது வரை ஆறு வகைகளாகப் பிரிக்கும் பவர்ஸ் அட்டையோடு ஒப்பிடலாம். இது கண்ணால் தரப்படும் தீர்ப்பாகையால், இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் மதிப்பிட்டு, எத்தனை கற்களில் ஒத்துப்போனார்கள் என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் ஏறத்தாழ 29 கி.மீ. நீளும் செசில் கரையில், மேற்கு முனையில் பட்டாணி அளவிலிருக்கும் கற்கள் கிழக்கே செல்லச்செல்லக் கைமுட்டி அளவுக்குப் பெருக்கின்றன. கரை நெடுகக் கல்லின் அளவை அளப்பதில் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான இடம் அரிது.

மணற்கரையில் ஒவ்வொரு கோட்டிலும் ஒரே மண்டலத்திலிருந்து, மேற்பரப்பின் 2 செ.மீ. ஆழத்திற்குள், கைப்பிடியளவு மணலை அனுமதியோடு எடுத்து, உலர்த்திச் சல்லடைகளில் சலித்து எடைபோடலாம்.

மேலாண்மையை மதிப்பிடுதல்

மணலை அளந்த கையோடு, அந்தத் தடுப்பு எதைக் காக்கிறது என்பதையும் பதிவுசெய்யுங்கள். பின்னால் வீடுகளா, சாலையா, வயலா, படகுத்துறையா என்று நிலப்பயன்பாட்டை வரைபடத்தில் குறியுங்கள். கடல் தடுப்புச் சுவராக இருந்தால் விரிசல், அடித்தோண்டல், பெயர்ந்த கற்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். மணல் நிரப்புதல் போன்ற மென்முறைகளும் ஒப்பீட்டில் இடம்பெறட்டும்: நெதர்லாந்தில் 2011இல் ஏறத்தாழ 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் சேர்த்து, காற்றும் அலையும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். கரையைப் பின்வாங்க விடுவதும் ஒரு திட்டமிட்ட முடிவாக இருக்கலாம் என்பதை மாணவர்கள் அறிந்திருந்தால், "இன்னும் உயரமான சுவர்" என்ற ஒரே பரிந்துரையில் அறிக்கை முடியாது.

மக்களிடம் கேட்கும்போது, "இந்தச் சுவர் கடற்கரையின் அழகைக் கெடுக்கிறது அல்லவா" என்பது கேள்வியாகாது. அதற்குள்ளேயே விடை இருக்கிறது. "இந்தச் சுவர் கட்டிய பின் நீங்கள் கண்ட மாற்றங்கள் எவை" என்று கேட்டு, சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களை மட்டும் கேட்டால் அவர்கள் கருத்துதான் கிடைக்கும். கரையில் படகை ஏற்றி நிறுத்த இடம் தேவைப்படும் மீனவரின் கருத்து, அவர் கடலிலிருந்து திரும்பும் நேரத்தில் சென்றால்தான் கிடைக்கும். அகன்றிருந்த கரையையும் குறுகிய கரையையும் ஒரே வாழ்நாளில் பார்த்தவர் அவர். அவருடைய நினைவு எந்த நாடாவாலும் அளக்க முடியாத ஒன்றைத் தருகிறது.

பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடும்போது நீர்விளிம்பைக் கரைக்கோடாகக் கொள்ளாதீர்கள். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கரையில், படம் எடுத்த வேளையின் ஓதம் அரை மீட்டர் வேறுபட்டாலே நீர்விளிம்பு 10 மீட்டர் நகர்ந்து தெரியும். செடிகொடிகள் முடியும் கோட்டை எடுத்துக்கொண்டால் அந்த ஏமாற்றம் குறையும்.

திரும்பி வந்தபின்

வெட்டுமுகங்களை ஒரே அளவுத்திட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். செங்குத்து அளவைப் பெருக்கிக் காட்டியிருந்தால் எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். தொலைவுக்கும் கல்லின் அளவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஸ்பியர்மன் தர ஒட்டுறவு பொருந்தும். இரண்டு அளவுகளையும் தனித்தனியே தரவரிசைப்படுத்தி, அவ்வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் கணக்கு அது. 10 இடங்களில் தர வேறுபாடுகளின் வர்க்கக் கூடுதல் 40 என்று வந்தால், 6ஐ 40ஆல் பெருக்கிய 240ஐ, 10ஐ 99ஆல் பெருக்கிய 990ஆல் வகுத்து, 1இலிருந்து கழிக்க 0.76 கிடைக்கிறது. 10 இணைகளுக்கு 5 விழுக்காட்டு நிலையில் தேவைப்படும் 0.648ஐ அது மீறுவதால், தொடர்பு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்லலாம். அத்தொடர்புக்குக் காரணம் மணல் நகர்வுதான் என்று அந்த எண் சொல்வதில்லை. அதை அலையின் திசையும் கரையின் வடிவமும் கொண்டு நீங்கள்தான் வாதிட வேண்டும்.

முடிவுரையின் அளவு தரவின் அளவை மீறக் கூடாது. "தூண்டில் வளைவு பயனற்றது" என்று எழுதுவதற்கு அரைநாள் அளவீடு போதாது. "அளந்த நாளில், அளந்த ஆறு கோடுகளில், தென்பக்க மணல் வடபக்கத்தைவிடச் சராசரியாக 70 செ.மீ. உயர்ந்திருந்தது, எங்கள் அளவீட்டில் எதிர்பார்க்கத்தக்க பிழை 20 செ.மீ.; ஆகவே வேறுபாடு கரையினுடையதே என்று கருதுகிறோம்" என்று எழுதினால், படிப்பவர் அதை நம்பலாம், மறுக்க விரும்பினாலும் எங்கே மறுப்பது என்று அறிவார்.

அறிக்கையின் இணைப்பில் தொடக்கப்புள்ளியை இரு திசைகளிலிருந்து எடுத்த புகைப்படங்கள், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, கோட்டின் திசை, அளந்த நாளும் மணியும், அன்றைய ஓத நேரங்கள், முந்திய நாட்களின் வானிலை, சராசரியாக்கப்படாத மூல எண்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ வைத்துச்செல்லுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே விளக்குக் கம்பத்திலிருந்து அதே திசையில் நாடாவைப் பிடித்து இறங்க அவை வேண்டியிருக்கும்.